மகளுக்கு 11 பையும் பொருந்தவில்லை: டிஎன்ஏ சோதனை செய்து ரத்தம் தேடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தர்மபுரி அப்பா – செவ்வாய், இரவு 10.40

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. பீட்டா தலசீமியா மேஜர், உடம்பு போதிய ஹீமோகுளோபினை உண்டாக்காத பரம்பரை நோய். ஏழாவது மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பி பாசிட்டிவ். இதுவரை 150 பைக்கு மேல் ஏறியிருக்கும். தேதி, பை எண், ஏற்றும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது நான்காவது நோட்டு.

ஆடி மாதம் வரை பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. அப்புறம் ஒரு தடவை ரத்தம் ஏற்றிவிட்டு வந்த ஒன்பதாம் நாள் கண் மஞ்சளாகத் தெரிந்தது. பள்ளியிலிருந்து வந்தவள், "அப்பா, ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போகுது" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.4. ஏற்றிய மறுநாள் 11 இருந்த பிள்ளை.

அடுத்த தேதிக்குப் போனோம். காலை எட்டு மணிக்குச் சாம்பிள் கொடுத்துவிட்டு மாலை ஆறு மணி வரை ரத்த வங்கி வாசலில் உட்கார்ந்திருந்தோம். 11 பை எடுத்து, அவள் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் போட்டார்கள். பதினொன்றும் பொருந்தவில்லை. ரிப்போர்ட்டில் இருப்பது இதுதான்: பெரிய ஈ, சின்ன சி இரண்டுக்கும் எதிராக ஆன்டிபாடி உண்டு, மூன்றாவதாக ஒன்று இருக்கலாம், உறுதி செய்ய முடியவில்லை, ரெட் செல் ஜீனோடைப்பிங் (டிஎன்ஏ வழியாக ரத்த வகை பார்ப்பது) செய்யப் பரிந்துரைக்கிறோம்.

டாக்டர் விளக்கத்தான் செய்தார். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் எதுவும் ஏறவில்லை. பி பாசிட்டிவுக்கு பி பாசிட்டிவ்தானே ஒன்பது வருடமாக ஏற்றினோம், இப்போது எங்கிருந்து வந்தது இந்த ஈயும் சியும்? ரத்த வகை பார்க்க டிஎன்ஏ சோதனை எதற்கு? செய்தால் ரத்தம் கிடைத்துவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஜெல்கார்டு – செவ்வாய், இரவு 11.55

அண்ணா, நான் சேலம் பக்கம் ஒரு ரத்த வங்கியில் 14 வருடமாக டெக்னீஷியன். நீங்கள் சொன்ன 11 பை கதை எங்கள் மேசையில் அடிக்கடி நடப்பதுதான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு அட்டை, அதில் ஆறு சின்னக் குழாய்கள். அதுதான் ஜெல் கார்டு. பையின் வால் குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அந்தச் சிவப்பணுவோடு குழந்தையின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, ஆன்டிபாடி இருப்பது இதில்தான்) சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம் வைப்போம். அப்புறம் மெஷினில் 10 நிமிடம் சுற்ற விடுவோம். பொருந்தினால் சிவப்பு அடியில் இறங்கிப் பொட்டு வைத்ததுபோல் உட்காரும். பொருந்தாவிட்டால் மேலேயே கோடு போட்டு நின்றுவிடும். ஆறு குழாயிலும் கோடு மேலே நிற்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது டி என்ற ஒரே ஆன்டிஜெனை, அதாவது சிவப்பணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் பொருளை, வைத்துத்தான். அதே ஆர்எச் குடும்பத்தில் பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ என்று இன்னும் நான்கு முக்கியமானவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாண்டி கெல், டஃபி, கிட் என்று வேறு குடும்பங்கள். மொத்தத்தில் 40-க்கும் மேற்பட்ட ரத்த வகைத் தொகுதிகளும் 350-க்கும் மேல் ஆன்டிஜென்களும் பதிவாகியிருக்கின்றன. சாதாரணமாக ஒரு பை ஏற்றும்போது ஏ, பி, ஓ வகையும் டியும்தான் பொருத்துகிறோம். வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை ஏற்றுபவருக்கு அது பெரும்பாலும் போதும். மாதாமாதம் ஏற்றும் பிள்ளைக்குப் போதாது.

நம் நாட்டில் ரொம்பப் பேருக்குப் பெரிய சியும் சின்ன ஈயும் மட்டும் இருக்கும்; சின்ன சி, பெரிய ஈ இரண்டும் இருக்காது. உங்கள் மகளும் அந்த வகை என்று தெரிகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அவை உள்ள ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் உடம்பு ஒருநாள் வேற்றாளை அடையாளம் கண்டுகொண்டு அதற்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் சர்வதேச தலசீமியா கூட்டமைப்பின் வழிகாட்டுதல், முதல் பை ஏற்றும் முன்பே விரிவாக வகை பார்த்துவிட வேண்டும், ஆர்எச்சின் இந்த நான்கையும் கெல்லையும் பொருத்தி ஏற்ற வேண்டும் என்கிறது. உங்களுக்கு ஏழாவது மாதத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செய்வதில்லை. எங்கள் வங்கியிலும் நான்கு வருடம் முன்பு வரை செய்ததில்லை, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஏன் டிஎன்ஏ? மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறீர்கள். ஏற்றிய சிவப்பணு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக, இன்று அவள் கையில் ஊசி குத்தி எடுத்தால் வருவது நாலைந்து பேருடைய ரத்தம். தலசீமியா மேஜர் என்பதால் அவளுடைய சொந்தச் சிவப்பணு அதில் சொற்பம். அதில் போய் வழக்கம்போல் சோதனைச் சீரம் (வகை பார்ப்பதற்கென்று வாங்கும் ஆன்டிபாடி திரவம்) ஊற்றி வகை பார்த்தால் எனக்குக் கிடைப்பது தானம் கொடுத்தவர்களின் வகை. உங்கள் மகளுடையது இல்லை.

சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது. வெள்ளை அணுவில் உண்டு. கொடுத்தவரின் வெள்ளை அணு அவள் உடம்பில் தங்குவதில்லை. வெள்ளை அணு வடிகட்டும் ஃபில்டரில் போனது போக மீதியும் சீக்கிரம் அழிந்துவிடும். அவளுடைய மஜ்ஜை தினமும் தன் வெள்ளை அணுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 150 பை ஏறிய பிறகும் டிஎன்ஏவில் தெரிவது அவளுடைய வகைதான்.

மூன்றாவது ஆன்டிபாடி எனக்குக் கிட் குடும்பத்தின் மேல் சந்தேகத்தைத் தருகிறது. ஒன்பதாம் நாள், கடுங்காப்பி நிறம், தடாலென்று இறங்கிய ஹீமோகுளோபின் எல்லாம் அதன் குணம். கிட் ஆன்டிபாடிக்கு இன்னொரு கெட்ட வழக்கம் உண்டு: சில மாதத்தில் சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். கிராஸ் மேட்ச் பொருந்தும். ஏற்றுவோம். ஒரு வாரத்தில் மறுபடி பொங்கி எழும். ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.

---

பூங்குழலி அம்மா – புதன், காலை 6.20

இது எச்எல்ஏ டெஸ்ட்தானே? என் பையனுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக எடுத்தோம், அக்காவோடது பொருந்தியது. அந்த ரிப்போர்ட் இருந்தால் திரும்ப எடுக்க வேண்டாமே?

---

ஜெல்கார்டு – புதன், காலை 7.05

இல்லைங்க அக்கா, அது வேறு. எச்எல்ஏ மஜ்ஜைக்குப் பார்ப்பது. அதற்கு ரத்த வகை பொருந்தியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. இது சிவப்பணுவின் மேல் தோலில் என்னென்ன இருக்கிறது என்று மரபணுவிலிருந்து படிப்பது. கல்யாணத்துக்கு முன் தலசீமியா கேரியரா என்று பார்க்கும் டெஸ்ட்டும் வேறு. மூன்றையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் பையனுக்கு மஜ்ஜை மாற்றியாகிவிட்டது என்றால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அவன் ரத்தத்தில் டிஎன்ஏ எடுத்தால் இனி வருவது அக்காவுடையது. எந்த லேபில் கொடுத்தாலும் மாற்று சிகிச்சை ஆனதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

கணக்கர் – புதன், காலை 9.48

நானும் தலசீமியா பிள்ளையின் தகப்பன்தான். யார் மனதையும் புண்படுத்த இதை எழுதவில்லை.

நம்மில் பாதிப் பேருக்கு வெள்ளை அணு வடிகட்டும் ஃபில்டர்கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. பல மாவட்டங்களில் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளை முன்கூட்டியே பிடிக்கும் நாட் சோதனை கிடையாது. ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் சேரும் இரும்பை இறக்கும் மாத்திரை இரண்டு மாதம் வரும், மூன்றாம் மாதம் "ஸ்டாக் இல்லை" என்பார்கள். இந்த நிலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பல ஆயிரம் செலவழித்து மரபணு பார்க்க வேண்டும் என்று கேட்டால், அரசு இருக்கிற பணத்தையும் அங்கே திருப்பிவிட்டு ஃபில்டரை மறந்துவிடும். ஆன்டிபாடி எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. எச்ஐவி வந்தால் திரும்பப் போக வழி இல்லை. முதலில் நாட், அப்புறம் ஃபில்டர், அப்புறம் மாத்திரை. மரபணு அதற்கும் அப்புறம்தான்.

---

தர்மபுரி அப்பா – புதன், மதியம் 1.30

கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன வரிசையை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு இன்று ரத்தமே இல்லை. ஃபில்டர் போட்ட பை, நாட் பார்த்த பை, எது வந்தாலும் ஏற்ற முடியவில்லை. நேற்று 5.8. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

---

ஜெல்கார்டு – புதன், இரவு 9.15

கணக்கரே, உங்கள் கவலை நியாயம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் டிஎன்ஏ என்று நான் சொல்லவே இல்லை. இன்னும் ஒரு பைகூட ஏற்றாத குழந்தைக்கு சீரம் வைத்தே எல்லாம் பார்த்துவிடலாம். சொந்தச் சிவப்பணு மட்டுமே இருக்கும் நேரம் அது. செலவு மிகக் குறைவு, ஒரு மணி நேர வேலை. அந்த நேரத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்குத்தான் டிஎன்ஏ. அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை; மரபணு மாறப்போவதில்லை.

செலவு என்று பார்த்தால் இந்தப் பக்கத்தையும் சேருங்கள். அண்ணனின் மகளுக்குச் சின்ன சி இல்லாத பை வேண்டும். இந்தியத் தானக்காரர்களில் செய்த ஆய்வுகளில் சின்ன சி இல்லாதவர்கள் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேர். கிட் குடும்பத்தின் கிட்-ஏ என்ற ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்துவிட்டால், கிட்-ஏ இல்லாதவர்கள் நூற்றுக்குச் சுமார் இருபது. இரண்டையும் பெருக்குங்கள்: நூற்றில் எட்டுப் பேர். அதில் பியோ ஓவோ ஆக இருக்க வேண்டும். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் பையை எடுத்து எடுத்து கிராஸ் மேட்ச் போட்டால் 11 இல்லை, 30 போட்டாலும் கிடைக்காமல் போகலாம். தெரிந்துவிட்டால் நேராக அந்த ஆளையே கூப்பிடலாம்.

---

தேம்ஸ்கரை – வியாழன், அதிகாலை 2.10

லண்டனிலிருந்து எழுதுகிறேன். மருத்துவமனை லேபில் ரத்தமேற்றல் பிரிவில் வேலை.

இங்கே 2024 ஜனவரியில் இங்கிலாந்தின் அரசுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ், சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்), தலசீமியா, இன்னும் சில அரிய ரத்தசோகை நோயாளிகளுக்கு ரத்த வகை ஜீனோடைப்பிங்கை வழக்கமான சேவையாகத் தொடங்கியது. ஒரு நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பே இப்படிச் செய்வது உலகில் முதல் தடவை என்று அறிவித்தார்கள். சாதாரண ரத்த மாதிரிதான். அடுத்த முறை மற்ற டெஸ்ட்டுக்கு எடுக்கும்போதே ஒரு குழாய் சேர்த்து எடுத்துக்கொள்வோம்.

ஏன் தொடங்கினார்கள் என்றால், இங்கே சிக்கிள் செல் நோயாளிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினர். ரத்தம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். ஆர்ஓ என்று ஒரு ஆர்எச் உட்பிரிவு. கறுப்பினத்தவரில் பாதிக்கு மேல் அதுதான், மொத்தத் தானக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். கொடுப்பவர் ஒரு கூட்டம், வாங்குபவர் வேறு கூட்டம் என்று ஆகும்போது பொருந்தாமல் போவது தினசரிக் கதை.

டிஎன்ஏ மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம், எனக்கு மிகப் பிடித்தது. ஆப்பிரிக்க வம்சாவளியில் பலருக்குச் சிவப்பணுவில் டஃபி-ஏவும் இருக்காது, டஃபி-பியும் இருக்காது. சீரம் வைத்துப் பார்த்தால், "இரண்டும் இல்லை, ஆகவே இரண்டும் இல்லாத ரத்தம் தேடு" என்று வரும். ஆனால் மரபணுவைப் பார்த்தால் டஃபி-பி அங்கே இருக்கிறது. சிவப்பணுவில் மட்டும் அதை எழுப்பும் விசை பழுது. உடம்பின் மற்ற இடங்களில் டஃபி-பி உண்டு. ஆகவே அவர்கள் உடம்பு டஃபி-பியை வேற்றாளாகப் பார்க்காது. டஃபி-பி உள்ள பையைத் தயங்காமல் ஏற்றலாம். அந்த ஒரு வரியால் தேடல் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ ரிப்போர்ட் கிராஸ் மேட்ச்சுக்கு மாற்று கிடையாது. ஆன்டிபாடி வந்திருக்கிறதா என்பதை டிஎன்ஏ சொல்லாது. புதிதாக ஒரு பழுது மரபணுவில் இருந்து, டிஎன்ஏவைப் படிக்கும் சோதனைச் சில்லில் (சிப்) அதைப் பார்க்க வழி இல்லையென்றால் ரிப்போர்ட் தவறும். இரண்டு கையும் வேண்டும்.

---

சிற்றோடை – வியாழன், காலை 10.02

படிக்கப் படிக்க எனக்கு ஒரு பயம். "அந்தக் கூட்டத்துக்கு அந்தக் கூட்டத்து ரத்தம்" என்று லண்டனில் சொல்வது வேறு. அதை நம் ஊரில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "எங்க ஆளுங்க ரத்தம் மட்டும் ஏத்துங்க" என்று வார்டில் நின்று சொல்லும் உறவினர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அறிவியல் பெயரில் அவர்களுக்கு ஒரு கம்பு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

---

தேம்ஸ்கரை – வியாழன், மதியம் 3.40

சிற்றோடை, இதை நீங்கள் எழுப்பியதற்கு நன்றி. நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும்.

பொருத்துவது ஆன்டிஜெனை. ஆளின் பிறப்பை யாரும் பொருத்துவதில்லை. தேடுவதற்கு ஆள் போதாதபோது எங்கே அதிகம் கிடைக்கும் என்று ஊகிக்கத்தான் வம்சாவளி உதவுகிறது. சோதனை செய்துவிட்டால் அந்த ஊகத்துக்கே வேலை இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் பொருந்தாமல் போகும். மொழி தெரியாத யாரோ ஒருவருடையது அச்சாகப் பொருந்தும். எங்கள் லேபில் ஒரு பாகிஸ்தானியத் தலசீமியா பையனுக்கு மூன்று வருடமாகப் பொருந்தி வந்த தானக்காரர்களில் ஒருவர் போலந்துக்காரர்.

வார்டில் அப்படிக் கேட்பவரிடம் சொல்ல ஒரு விஷயம்: நெருங்கிய சொந்தத்தில் ரத்தம் ஏற்றுவது ஆபத்தாகக்கூட முடியும். கொடுத்தவரின் வெள்ளை அணு, வாங்கியவரின் உடம்பு "சொந்தம்தானே" என்று சும்மா இருக்கும்போது, உள்ளே தங்கிப் பெருகித் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். அதனால்தான் சொந்தக்காரர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவோம்.

---

நீலமலை – வெள்ளி, காலை 8.15

கூடலூர் பக்கம் பழங்குடி கிராமங்களில் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தலசீமியா குறைவு, சிக்கிள் செல் அதிகம்.

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே எங்கள் நீலகிரி மலையில்தான். 1952-இல் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கே பழங்குடிகளிடம் பார்த்து எழுதினார்கள். தேம்ஸ்கரை டஃபி பற்றிச் சொன்னதும் எனக்குச் சட்டென்று அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. அந்த மேரி கட்புஷ்தான் 1950-இல் டஃபி ஆன்டிஜெனைக் கண்டறிந்த குழுவிலும் இருந்தவர். டஃபி என்பது ஒரு நோயாளியின் பெயர். ஹீமோஃபிலியாவுக்காகப் பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர். அவர் ரத்தத்தில்தான் அந்த ஆன்டிபாடி கிடைத்தது. 1946-இல் வந்த கெல், 1951-இல் வந்த கிட் இரண்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களிடமிருந்து வந்த பெயர்கள். தர்மபுரி அண்ணா, உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு விநோதப் பெயருக்குப் பின்னாலும் அவளைப் போலவே அவஸ்தைப்பட்ட ஒருவர் இருக்கிறார்.

2023 ஜூலையில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கினார்கள். 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. எங்கள் வீடுகளுக்கும் வந்து விரலில் குத்திப் பார்த்து அட்டை தருகிறார்கள். நோய் உண்டு என்று உறுதியாகும் பிள்ளையிடம் எப்படியும் ஊசி போட்டு ரத்தம் எடுக்கத்தான் செய்கிறோம். அந்தக் குழாயிலேயே ஆர்எச், கெல் வகையையும் பார்த்து அட்டையின் பின்பக்கம் எழுதினால் என்ன? பிள்ளைக்கு முதல் தடவை ரத்தம் ஏற்றும் நிலை வருவது பெரும்பாலும் நடு ராத்திரியில், மூச்சு வாங்கும் நேரத்தில். அப்போது யாரும் வகை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

---

கணக்கர் – வெள்ளி, மதியம் 12.20

அட்டையின் பின்பக்கம் எழுதும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் பைக்கு முன் சீரம் வைத்துப் பார்ப்பதும் கட்டுப்படியாகும் என்று தெரிகிறது, அது எனக்குத் தெரியாமல் இருந்தது. என் பிள்ளைக்கு 12 வயது. யாரும் பார்த்ததில்லை. ஆன்டிபாடி ஸ்கிரீனிங் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

---

ஜெல்கார்டு – வெள்ளி, இரவு 8.50

ஒவ்வொரு தடவை ஏற்றும் முன்பும் கிராஸ் மேட்ச்சோடு ஸ்கிரீனிங்கும் செய்ய வேண்டும் என்பதுதான் முறை. உங்கள் வங்கியில் செய்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

---

ஓ பாசிட்டிவ் 41 – சனி, காலை 11.00

நான் 41 தடவை ரத்தம் கொடுத்தவன். இவ்வளவு நாளில் எனக்குத் தெரிந்தது "ஓ பாசிட்டிவ்" என்ற இரண்டு வார்த்தைதான். என்னுடையதை விரிவாகப் பார்த்து வைத்துக்கொண்டால் இந்தப் பாப்பா மாதிரி யாருக்காவது உதவுமா? அபூர்வ ரத்தம் என்றால் பம்பாய் குரூப் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

---

ஜெல்கார்டு – சனி, மதியம் 2.25

தோழரே, நீங்கள்தான் வேண்டும்.

பம்பாய் குரூப்பை 1952-இல் மும்பையில் டாக்டர் பெண்டேயும் அவர் குழுவினரும் கண்டறிந்தார்கள். சாதாரண சோதனையில் ஓ போலத் தெரியும், ஆனால் ஓ ரத்தமும் அவர்களுக்கு ஆகாது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற பொருளே அவர்களிடம் இல்லை. இப்படி ஒரேயடியாக அபூர்வமானவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம், சேர்ந்து வருவது அபூர்வம்: சின்ன சி இல்லை, பெரிய ஈ இல்லை, கிட்-ஏ இல்லை, கெல் இல்லை, ஓ குரூப். அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், அவருக்கே தெரியாது. மும்பையில் உள்ள தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் அரிய தானக்காரர் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான தானக்காரர்களை ஒவ்வொரு ஆன்டிஜெனுக்கும் சீரம் வாங்கிப் பார்த்தால் கட்டுப்படியாகாது. சில ஆன்டிஜென்களுக்குச் சீரமே சந்தையில் கிடைக்காது. டிஎன்ஏவில் ஒரே ஓட்டத்தில் பல ஆன்டிஜென்களைப் பார்க்க முடிவதால்தான் இப்படிப்பட்ட பதிவேடு சாத்தியமாகிறது.

2025-இல் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கோலாரைச் சேர்ந்த 38 வயதுப் பெண், இதய அறுவை சிகிச்சைக்கு வந்தவர், ஓ பாசிட்டிவ். எந்த ஓ பையும் பொருந்தவில்லை. குடும்பத்தில் 20 பேரைப் பார்த்தும் ஒருவருடையதும் பொருந்தவில்லை. பெங்களூரு ரோட்டரி டிடிகே ரத்த மையம் மாதிரியை இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு அனுப்பியது. பத்து மாத ஆராய்ச்சிக்குப் பிறகு கிரோமர் என்ற ரத்த வகைத் தொகுதியில் அதுவரை யாரும் கண்டறியாத ஒரு ஆன்டிஜென் சம்பந்தப்பட்டது என்று தெரிந்து, அந்த ஜூனில் மிலான் மாநாட்டில் 'கிரிப்' என்று பெயர் அறிவித்தார்கள். அந்தப் பெயருக்குள் கிரோமரும் இந்தியாவும் பெங்களூருவும் இருக்கின்றன. மருத்துவர்கள் ரத்தம் ஏற்றாமலேயே அறுவை சிகிச்சையை முடித்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த விஷயம் இது.

எங்களிடம் இருக்கும் பெரிய குறை, வகை பார்த்தாலும் ஆள் திரும்ப வருவதில்லை. "உங்க பேஷண்ட்டுக்கு ஒரு பை வேணும்னா யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று கேட்டு வாங்கும் ரத்தம் இன்னும் நிறைய. அப்படி வரும் மச்சான் அதோடு சரி. அவருக்கு டிஎன்ஏ பார்த்து என்ன பயன்? 41 தடவை வந்தவருக்குப் பார்த்தால் 42-ஆவது தடவை யாருக்கு என்று முடிவு செய்யலாம்.

---

வடமராட்சி – சனி, இரவு 9.30

இலங்கையிலிருந்து ஒரு சொல். எங்களுக்கும் தலசீமியா உண்டு. குருநாகலில் அதற்கென்றே தேசிய நிலையம் இயங்குகிறது. 2014 முதல் நாட்டில் சேரும் குருதி முழுவதும் தானாக முன்வந்து கொடுப்பவர்களுடையது. நோயாளியின் சொந்தக்காரரைப் பிடித்து மாற்றுக் குருதி கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம். அப்பாவோடு கோயில் திருவிழா முகாமில் வரிசையில் நின்ற பிள்ளை வளர்ந்து தானும் அதே வரிசையில் நிற்கிறான். ஜெல்கார்டு கதைக்கிற பிரச்சினைக்கு இயந்திரத்தைவிட அந்த வரிசைதான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

தர்மபுரி அப்பா – இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். ரிப்போர்ட் வந்துவிட்டது.

சின்ன சி இல்லை. பெரிய ஈ இல்லை. கெல் இல்லை. கிட்-ஏ இல்லை. ஜெல்கார்டு தம்பி ஊகித்தது அப்படியே. மூன்றாவது ஆன்டிபாடி கிட்-ஏவுக்கு எதிரானதுதான் என்று லேபும் உறுதி செய்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் 4.9-க்கு இறங்கி, மருந்து கொடுத்து வார்டில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளை எழுத எனக்கு இப்போது முடியவில்லை.

ரத்த வங்கி டாக்டர் தன் பட்டியலிலிருந்து சின்ன சி இல்லாத பி, ஓ தானக்காரர்களை எடுத்து, அவர்களில் கிட்-ஏ இல்லாதவர்களைத் தேடினார். நான்கு பேர் கிடைத்தார்கள். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் போன மாதம்தான் கொடுத்தவர். மூன்றாமவர் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். என்னிடமே ஜெல் கார்டைக் காட்டினார்கள். சிவப்பு அடியில் உட்கார்ந்திருந்தது, தம்பி சொன்னதுபோல் பொட்டு மாதிரி.

ஏற்றி எட்டு நாள் ஆகிறது. கண் வெள்ளையாக இருக்கிறது. நேற்று 9.2. ஒன்பதாம் நாள் தாண்டும் வரை எனக்குத் தூக்கம் வராது.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு கல்யாணம், நாலு நாள் தங்க வேண்டியிருக்கும். கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

---

ஜெல்கார்டு – ஞாயிறு, இரவு 8.32

அண்ணா, படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டிஎன்ஏ ரிப்போர்ட், ஆன்டிபாடி ரிப்போர்ட் இரண்டின் நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும். அதோடு ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்யுங்கள்: "பெரிய ஈ, சின்ன சி, கிட்-ஏ ஆன்டிபாடி உண்டு. இவை இல்லாத ரத்தம் மட்டும்." கீழே உங்கள் வங்கியின் போன் எண். அடுத்த வருடம் ஏதோ ஒரு லேபில் "கிட்-ஏ ஆன்டிபாடி தெரியவில்லை" என்று வரலாம். வந்தாலும் அட்டையில் அந்த வரியை அடிக்காதீர்கள். ஒருமுறை வந்தது வந்ததுதான்.

---

ஓ பாசிட்டிவ் 41 – திங்கள், காலை 7.45

நான் பதிவு செய்துவிட்டேன். கிட்-ஏ இருக்கிறது எனக்கு, பாப்பாவுக்கு ஆகாது. ஆனால் சின்ன சி, பெரிய ஈ, கெல் மூன்றும் இல்லை. கணக்கர் ஐயா, உங்கள் பையனுக்கு வகை பார்த்ததும் சொல்லுங்கள்.

---

புதுமுகம் – திங்கள், இரவு 11.20

இந்தப் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் பையனுக்கு எட்டு மாதம். நேற்றுத்தான் தலசீமியா என்று சொன்னார்கள். நாளை காலை பத்து மணிக்கு முதல் ரத்தம். என்ன கேட்க வேண்டும்?

---

ஜெல்கார்டு – திங்கள், இரவு 11.26

தங்கச்சி, தூங்கப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "ரத்தம் ஏற்றும் முன் இரண்டு இடிடிஏ குழாய் (ரத்தம் உறையாமல் வைக்கும் குழாய்) தனியாக எடுங்கள். ஒன்றில் ஆர்எச், கெல், டஃபி, கிட் விரிவான வகை பாருங்கள். இன்னொன்றைப் பத்திரப்படுத்துங்கள்." நாளை காலை டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஊசி எப்படியும் ஒரு தடவை போடத்தான் போகிறார்கள், குழந்தைக்குக் கூடுதல் வலி இல்லை. அவசரம் இல்லாத நிலையில் இருந்தால் வகை தெரிந்த பிறகே ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அவசரம் என்றால் சாம்பிள் எடுத்த கையோடு ஏற்றட்டும். சாம்பிள் மட்டும் முதலில்.

---

புதுமுகம் – செவ்வாய், காலை 10.50

எடுத்துவிட்டார்கள். ஊதா மூடி, இரண்டு குழாய். டாக்டர் தாளைப் படித்துவிட்டு அவரே பேனா வாங்கி, பார்க்க வேண்டிய வகைகளில் "எஸ்" என்ற இன்னொரு ஆன்டிஜெனையும் சேர்த்து எழுதினார். ரத்தம் நாளைக்குத்தான். பையன் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான்.